கிடைக்கு விலாசம் கிடையாது, சேதி எப்படிப் போகும்?



வைகை அணையில இருந்து பெரியாறு பிரதான கால்வாய்க்குத் தண்ணி திறக்கிற தேதி முடிவானா, எங்க பக்கத்து சம்சாரிகளுக்கு அன்னைக்கே தெரிஞ்சு போகும். பேப்பர்ல வரும். டிவியில கீழ ஓடும். பாசன சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புல அரசு அறிவிப்பே வந்து விழும். பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் 45,041 ஏக்கர். அதுக்குக் கீழ ஒருபோகம் 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாய் 19,439 ஏக்கர். இப்படிக் கடைசி ஏக்கர் வரைக்கும் கணக்குப் போட்டு, எத்தனை நாள் தண்ணி, எத்தனை நாள் முறைன்னு தெளிவா சொல்லிருவாங்க.

ஆனா அதே 45,041 ஏக்கருக்குள்ள அன்னைக்கு ராத்திரி ஆட்டுக்கிடை போட்டுப் படுத்திருக்காங்களே, அவங்களுக்கு யார் சொல்றது? அவங்க அந்த குரூப்புல இல்ல. பேப்பரும் வாங்குறதில்ல. பெரும்பாலும் நிலத்துக்காரர் முந்தின நாள் சாயங்காலம் வந்து, "நாளை மறுநாள் தண்ணி வந்துரும், கிளம்பிக்கோங்க"ன்னு சொல்றதுதான் அவங்களுக்குக் கிடைக்கிற முதல் சேதி. ஐந்நூறு ஆடு, குட்டிகள், குட்டிக்கூடு, வலை, பானை சட்டி எல்லாத்தையும் கட்டிக்கிட்டு ரெண்டு நாள்ல அடுத்த இடம் தேடணும். பத்து நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா, இன்னும் தண்ணி வராத மேலூர் பக்கத்து ஒருபோக நிலத்துல பேசி இடம் பிடிச்சிருக்கலாம். சேதி லேட்டானதால, அவசரத்துக்கு ரோட்டோரமா, கண்மாய்க் கரையில ஆட்டை நிறுத்திக்கிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதாகுது.

இதை ஒரு சின்ன விசயம்னு விட்டுரலாம். ஆனா யோசிச்சுப் பாத்தா, கிடை மக்களுக்குப் போய்ச் சேராத எல்லாச் சேதிக்கும் கதை இதுதான். அதனாலதான் இன்னைக்கு இதைப் பத்தி எழுதுறேன்.

யார் இவங்க

வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளுக்காக கொஞ்சம் சொல்லிர்றேன். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் சீமையில இருந்து செம்மறிகளை ஓட்டிக்கிட்டு வர்றவங்க கிடைக்காரங்க. நாலஞ்சு குடும்பத்து ஆடுகளை ஒண்ணாச் சேத்து, அதுக்கு ஒரு மூத்தவர் தலைமை. அவரைத்தான் கீதாரின்னு சொல்றது. பொங்கலுக்குப் பிறகு அறுப்பு முடிஞ்ச வயல்ல பகல்ல மேய்ச்சு, ராத்திரி ஒரு வயல்ல வலை கட்டி அடைப்பாங்க. விடியக்காலம் பாத்தா வயல் பூராவும் புழுக்கையும் மூத்திரமும். அடுத்த ராத்திரி வலையைத் தள்ளிப் போட்டுக்குவாங்க. இன்னும் சில பேர் தஞ்சாவூர், திருவாரூர் வரைக்கும் போவாங்க. அதே மாதிரி மாட்டுக்கிடையும் உண்டு. நம்ம வாடிவாசல்ல சீறிக்கிட்டு வர்ற புலிக்குளம் காளைகள்ல நிறைய, இந்தக் கிடைமாட்டு வர்க்கத்துல பிறந்ததுதான். அலங்காநல்லூர்ல காளைக்குக் கை தட்டுறோம், அதோட ஆத்தா எந்தக் காட்டுல என்னத்தைத் தின்னுச்சுன்னு கேக்கிறவங்க குறைச்சல்.

ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்னு பெரியவங்க சொல்றது சும்மா இல்ல. யூரியா மூட்டைக்கு சொசைட்டி வாசல்ல நிக்கிற காலத்துல, நிலத்துக்கே நடந்து வந்து எரு போட்டுட்டுப் போற ஆளுகளை நாம உறவு மாதிரி வச்சிருக்கணும்.

என்ன சேதி தேவை

"அவங்களுக்கு என்னங்க சேதி வேணும், ஆட்டைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா?"ன்னு நம்ம ஆளுகளே கேப்பாங்க. ஆட்டைப் பத்தி அவங்களுக்கு நல்லாவே தெரியும். வெயில்ல வாடி நிக்கிற இளஞ்சோளப் பயிரை ஆடு கடிச்சா செத்துப் போகும்னு அவங்க வீட்டுச் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஆனா முந்தாநாள் எந்த வயல்ல மருந்து அடிச்சிருக்குன்னு எப்படித் தெரியும்? அது நிலத்துக்காரர் வாயால வந்தாத்தான் உண்டு. வரப்போரப் புல்லைக் கடிச்சு ஆடு வாயில நுரை தள்ளி விழுந்த பிறகு, "அய்யய்யோ, சொல்ல மறந்துட்டேனே"ன்னா உசுரு திரும்பாது.

நோய்ச் சேதி அதைவிடப் பெருசு. வடகிழக்கு மழை பிடிச்சதும் நீலநாக்கு நோய் வரும். கொசுவைவிடச் சின்னப் பூச்சி ஒண்ணு கடிச்சுப் பரப்புறது. காய்ச்சல், மூக்குல சளி, உதடு வீங்கும், நொண்டும், தீனி எடுக்காது. ஒரு கிடையில புகுந்தா அள்ளிக்கிட்டுப் போயிரும். இதுக்குத் தடுப்பூசி இருக்கு, ஆனா மழைக்கு முன்னாடியே போட்டாத்தான் பலன். அதே மாதிரி ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு ஊசி போட்டா மூணு வருசம் வரைக்கும் தாங்கும். இந்த நோயை 2030-க்குள்ள உலகத்தை விட்டே ஒழிக்கிறதுன்னு 2015-லயே உலக அளவுல திட்டம் போட்டு வேலை நடக்குது. அரசே இலவசமா ஊசி போடுது. முகாம் எங்க நடக்குது? ஊர்ல, மந்தையில, கால்நடை மருந்தகத்து வாசல்ல. எப்ப நடக்குது? கிடைக்காரர் ஆட்டை ஓட்டிக்கிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிற நேரத்துல. சொந்த ஊர்ல முகாம் நடக்கும்போது ஆடு இங்க. இங்க முகாம் நடக்கும்போது, "இது வெளியூர் ஆடாச்சே"ன்னு ஒரு இழுப்பு. நடுவுல ஆடு ஊசி இல்லாமலே மழைக்காலத்துக்குள்ள போகுது.

மூணாவது, சட்டம். 2022 மார்ச்சுல சென்னை உயர்நீதிமன்றம், தமிழ்நாட்டுக் காடுகள்ல மாடு மேய்க்கவே தடைன்னு உத்தரவு போட்டது. மூணு நாள் அதே பேச்சுத்தான். கொஞ்ச நாள்லயே அந்த உத்தரவைத் திருத்தி, புலிகள் காப்பகம், வன உயிரினச் சரணாலயம், தேசியப் பூங்கா இதுக்குள்ள மட்டும்தான் தடைன்னு மாத்தினாங்க. முதல் சேதி இடி மாதிரி எல்லாருக்கும் கேட்டுச்சு. ரெண்டாவது சேதி எத்தனை பேருக்குப் போச்சு? நான் பேசிப் பாத்த மாட்டுக்காரங்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியல. காட்டுப் பக்கமே போகக் கூடாது போலன்னு நினைச்சுக்கிட்டு மாட்டை வித்தவரும் அதுல ஒருத்தர். 2006-ல வந்த வன உரிமைச் சட்டத்துல, இடம் மாறி மாறி மேய்க்கிறவங்களோட மேய்ச்சல் உரிமையும் சேத்துத்தான் எழுதியிருக்கு. அந்த வரி யாருக்காக எழுதுனதோ அவங்களை விட்டுட்டு மத்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு.

நாலாவது, ரேசன். 2020 அக்டோபர்ல இருந்து தமிழ்நாட்டுல எந்த ஊர் ரேசன் கடையிலயும் கைரேகை வச்சு அரிசி வாங்கலாம்னு ஆச்சு. ஊர் ஊராப் போறவங்களுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? ஆனா இன்னமும் மாசா மாசம் ஒரு ஆள் பஸ் ஏறி சொந்த ஊருக்குப் போய் அரிசி வாங்கிட்டு வர்ற கிடையைப் பாக்கிறேன். ஒரு நாள் கூலி, பஸ் காசு, அலைச்சல். சேதி ஒண்ணு வந்து சேராததுக்குக் கட்டுற அபராதம் அது.

ஆடு, மாட்டு இன்சூரன்சும் அப்படித்தான். 2024-ல மத்திய அரசு விதியைத் திருத்தி, பிரீமியத்துல வளர்க்கிறவர் பங்கு 15 சதவீதம் போதும், செம்மறி வெள்ளாடுன்னா நூறு வரைக்கும் சேக்கலாம்னு ஆக்குனாங்க. காதுல கம்மல், டாக்டர் சர்டிபிகேட் வேணும். இடி விழுந்தோ லாரி ஏறியோ முப்பது ஆடு ஒரே ராத்திரியில போகிற தொழில்ல, இது தெரியாம இருக்கிறதும் ஒரு நட்டம்தானே.

ஏன் போகல

இங்கதான் நான் சொல்ல வந்த விசயம். படிப்பில்லாதவங்க, ஆபீசுக்கு வர மாட்டாங்க, சொன்னாலும் கேக்க மாட்டாங்கன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. நம்ம நாட்டுல சேதி எல்லாமே விலாசத்தைத் தேடித்தான் போகுது. இந்த ஊர், இந்தப் பஞ்சாயத்து, இந்த மருந்தகம், இந்த வி.ஏ.ஓ. ஒரு இடத்துல உக்காந்திருக்கிறவனுக்கு அது வந்து சேரும். கிடைக்கு விலாசம் கிடையாது. இன்னைக்கு சோழவந்தான் பக்கம், அடுத்த வாரம் வாடிப்பட்டி, அதுக்கடுத்து மேலூர். சொந்த ஊர் கிராம சபையில அவர் இல்ல, இந்த ஊர் கிராம சபையில அவருக்கு இடமில்ல. ரெண்டு ஊர் கணக்குலயும் சேராம நடுவுல நிக்கிறார்.

கணக்கெடுப்புலயே இவங்க தனியா வந்தது இப்பத்தான். கால்நடைக் கணக்கெடுப்பு நம்ம நாட்டுல நூறு வருசத்துக்கு மேல நடக்குது. 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச 21-வது கணக்கெடுப்புலதான் முதன்முதலா இடம்பெயர்ந்து மேய்க்கிறவங்களையும் அவங்க கால்நடையையும் தனியாக் குறிச்சாங்க. அதுக்கு முன்னாடி இருபது தடவை எண்ணினப்ப, நடந்து போறவங்கன்னு தனியா ஒரு கட்டமே இல்ல.

செல்போன் இருக்கேன்னு கேக்கலாம். இருக்கு. இப்ப கீதாரி இல்லாத கிடையும் இல்ல, செல்போன் இல்லாத கீதாரியும் இல்ல. ஆனா வயக்காட்டுல சார்ஜ் போட இடமில்ல. பம்புசெட் ரூம்ல கெஞ்சித்தான் போடணும். வர்ற மெசேஜ் எழுத்துல வருது, பாதி இங்கிலீசு. கண்ணாடி இல்லாம ராத்திரியில அதைப் படிக்கிறது யாரு? அதே போன்ல, "அண்ணே, கள்ளந்திரிக்குக் கீழ தாள் நல்லா கிடக்கு, வாங்க"ன்னு இன்னொரு கீதாரி பேசுனா, அந்தச் சேதி அரை மணி நேரத்துல பத்துக் கிடைக்குப் போயிருது. ஆக சேதியைக் கடத்துறதுல அவங்க கிட்ட ஒரு குறையும் இல்ல. குரலா வந்தா, நம்பிக்கையான ஆள்கிட்ட இருந்து வந்தா காத்து மாதிரிப் பரவும்.

நம்பிக்கைன்னு சொன்னேன்ல, அதையும் பேசணும். ஆபீசர்ன்னு ஒருத்தர் கிடைகிட்ட வந்தா, பெரும்பாலும் அது எதுக்கா இருக்கும்? கண்மாய்ல ஏன் மேய்ச்சே, ரோட்டை ஏன் மறிச்சே, காட்டுக்குள்ள ஏன் போனே, அபராதம் கட்டு. அதே வாய்ல இருந்து, "இன்சூரன்ஸ் போட்டுக்கங்க, காதுல கம்மல் குத்திக்கங்க"ன்னு வந்தா நம்புவாங்களா? "கம்மல் குத்தினா எத்தனை ஆடுன்னு கணக்கு எடுத்து வரி போடுவாங்களாம்"னு ஒரு பேச்சு என் காதுக்கே வந்துச்சு. சிரிக்கிறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. அபராதம் வாங்குற ஆளையே சேதி சொல்லவும் அனுப்புனா அப்படித்தான் ஆகும்.

ஒரு காலத்துல தண்டோரா இருந்துச்சு. 2022-ல அரசு அதை நிறுத்தச் சொல்லி, ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லலாம்னு சொன்னது. நிறுத்துனது சரிதான். ஒரு மனுசனைப் பறையடிக்க வச்சு ஊருக்குச் சேதி சொல்ற வழக்கம் போய்த் தொலையட்டும். ஆனா மைக் கட்டுன ஆட்டோ தெருவோட நின்னுருது, வயக்காட்டுக்கு வர்றதில்ல. கிடை இருக்கிறது வயக்காட்டுல.

வேற இடத்துல எப்படிச் செஞ்சாங்க

மாட்டுக்கு வெக்கை நோய்னு ஒண்ணு இருந்துச்சு. எங்க அப்பா காலத்துல ஒரு மந்தையையே காலி பண்ணும். நம்ம நாட்டுல கடைசியா அது வந்தது 1995-ல, அதுவும் நம்ம தமிழ்நாட்டுலதான். 2011-ல உலகத்துலயே ஒழிஞ்சு போச்சுன்னு அறிவிச்சாங்க. மனுசனுக்கு வர்ற பெரியம்மைக்குப் பிறகு பூமியில இருந்து அடியோட அழிச்ச ரெண்டாவது நோய் அது.

அதுல கடைசிக் கட்டம் எங்க சிக்கிச்சு தெரியுமா? எத்தியோப்பியா, தெற்கு சூடான் மாதிரி இடங்கள்ல, ஒரு இடத்துல நிக்காத மாட்டுக்காரங்க கிட்டதான். டாக்டரால அவங்க பின்னாடி போக முடியல, ரோடு இல்ல, சண்டை நடக்கிற பூமி. அப்ப என்ன செஞ்சாங்கன்னா, ஐஸ் பெட்டி இல்லாமலே சில நாள் வெயிலைத் தாங்குற தடுப்பு மருந்தைச் செஞ்சு, மாட்டுக்காரங்களுக்குள்ளயே ஆள் பிடிச்சு, ஊசி போடப் பழக்கி விட்டாங்க. நோய் எங்க இருக்குன்னும் அவங்க கிட்டயே கேட்டாங்க. டாக்டருக்குத் தெரியாத இடமெல்லாம் மாட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவங்க சேதியைக் கேக்க ஆரம்பிச்ச பிறகுதான் நோய் ஒழிஞ்சது. நம்ம ஆபீசர்கள் இதை ஒரு தடவை படிச்சுப் பாக்கணும்.

ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுல இன்னொண்ணு செஞ்சிருக்காங்க. ஒரு நம்பருக்குப் போன் போட்டா, எந்தப் பக்கம் புல் இருக்கு, எந்தப் பக்கம் தண்ணி இருக்கு, சந்தையில என்ன விலைன்னு அவங்க பாசையிலயே ஒருத்தர் சொல்வார். மேல சுத்துற செயற்கைக்கோள் எடுக்கிற படத்தை வச்சுச் சொல்றது. மெசேஜ் படிக்கிற வேலை இல்ல, பேசினாப் போதும்.

நமக்கும் இது புதுசு இல்ல. அறுபதுகள்ல தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 நெல்லைத் திருச்சி வானொலியில கேட்டுக் கேட்டே ஜனங்க பயிர் வச்சாங்க. அதனால அதுக்கு ரேடியோ நெல்லுன்னே பேர் வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரிக்குக் குரல் மூலமா ஒரு புது நெல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்த நாடு இது. இன்னைக்கும் கொடைக்கானல் மலை மேல இருந்து கோடை பண்பலை 100.5 மதுரை, திண்டுக்கல், தேனின்னு எங்கயும் கேக்குது. ஆடு மேய்க்கிற ஆள் கையில ரேடியோ பாடிக்கிட்டு இருக்கிறதை நீங்களும் பாத்திருப்பீங்க. அதுல பாட்டுக்கு நடுவுல தினம் ரெண்டு நிமிசம் கிடைச் சேதின்னு ஒண்ணு வச்சா என்ன? எந்தக் கால்வாய்ல என்னைக்குத் தண்ணி, எந்தப் பக்கம் எந்த நோய் தெரியுது, எங்க ஊசி, வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில கிடா என்ன விலைக்குப் போச்சு. இவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருக்கு. 2023-ல எல்லார் போன்லயும் திடீர்னு ஒரு பெரிய சத்தத்தோட அவசர எச்சரிக்கைன்னு சோதனைச் சேதி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது உங்க நம்பர், உங்க ஊர் பாத்து வந்தது இல்ல. அந்த டவருக்குக் கீழ அப்ப எந்தப் போன் இருந்துச்சோ அதுக்கெல்லாம் வந்தது. விலாசம் இல்லாதவனுக்குன்னே செஞ்ச மாதிரி வழி அது. இடி மழைக்கு மட்டும் இல்லாம, கால்வாய் தண்ணிக்கும் அதுல சொல்லலாமே. குரலாச் சொல்லலாமே.

நாம செய்ய வேண்டியது

அரசு செய்யும்போது செய்யட்டும். அது வரைக்கும் கிடைக்கு ஒரு விலாசம் உண்டுன்னு சொன்னா அது நம்ம வயல்தான். அன்னைக்கு ராத்திரி எந்த சம்சாரி நிலத்துல கிடை போட்டிருக்கோ அந்த சம்சாரி வீட்டு நம்பர்தான் அந்தக் கிடைக்கு விலாசம். அதை வச்சு நம்மால ஆகுற காரியம் சிலது இருக்கு. காசு செலவு எதுவும் இல்ல.

ஒண்ணு. கிடை வந்து இறங்குன அன்னைக்கே, ஊர்ல எந்தெந்த வயல்ல பத்து நாளுக்குள்ள மருந்து அடிச்சிருக்குன்னு கேட்டு கீதாரிகிட்ட சொல்லிருங்க. நம்ம வயல்னு இல்ல, பக்கத்து வயலும்.

ரெண்டு. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு போன். "எங்க வயல்ல ஐந்நூறு செம்மறி கிடக்கு, இன்னும் பத்து நாள் இருக்கும்"னு சொன்னா, மனசிருக்கிற டாக்டர் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துருவார். எங்க பக்கம் அப்படி வந்து, விடியக்காலம் ஆடு வலைக்குள்ள நிக்கும்போதே போட்டு முடிச்சதை நான் பாத்திருக்கேன். மேய விட்ட பிறகு ஐந்நூறு ஆட்டைப் பிடிக்க முடியாது, வலைக்குள்ள இருக்கிற நேரம்தான் நேரம். இது டாக்டருக்கும் வசதிதான்.

மூணு. 1962-க்குப் போன் போட்டா கால்நடை ஆம்புலன்ஸ் வரும்னு சொல்லிக் கொடுங்க. அதுல ஒரு சிக்கல், நீங்க எங்க இருக்கீங்கன்னு கேப்பாங்க. வெளியூர்க்காரருக்கு வயக்காட்டுல என்ன வழி சொல்லத் தெரியும்? அதனால ஊர்ப் பேரு, கண்மாய்ப் பேரு, எந்த ரோட்டுல இருந்து எந்தப் பக்கம் திரும்பணும்னு அவருக்குப் பழக்கி விடுங்க. இல்லாட்டி நீங்களே பேசிருங்க.

நாலு. பாசன சங்கத்து குரூப்புல தண்ணி திறக்கிற பேச்சு அடிபட ஆரம்பிக்கும்போதே ஒரு வார்த்தை. அரசு அறிவிக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம். வழக்கமா இருபோகத்துக்கு ஜூன், ஒருபோகத்துக்கு செப்டம்பர்னு எல்லாருக்கும் தெரியும். அணையில தண்ணி எவ்வளவு இருக்குங்கிறதைப் பொறுத்துத்தான் முன்னப் பின்ன ஆகும். அந்த முன்னப் பின்னதான் அவங்களுக்குத் தெரிய வேண்டிய சேதி.

அஞ்சு. கீதாரிகிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துராதீங்க. கூட இருக்கிற பொம்பளைங்ககிட்டயும் சொல்லணும். குட்டிகளைப் பாக்கிறது, நோய்ப்பட்ட ஆட்டுக்கு மருந்து அரைச்சு ஊத்துறது, ரேசன் வாங்குறது எல்லாம் அவங்கதான். "ஆத்தா, இங்கயே ரேசன் வாங்கலாம், கார்டை எடுத்துக்கிட்டு வாங்க, நான் கடையில சொல்றேன்"னு நம்ம வீட்டுப் பொம்பளைங்க சொன்னா, ஒரு மாசத்து அலைச்சல் மிச்சம்.

ஆறு. கேளுங்க. வழியெல்லாம் பாத்துக்கிட்டு வர்றவங்க அவங்க. எந்தக் கண்மாய்ல தண்ணி கிடக்கு, எந்த ஊர்ல ஆட்டுக்கு நோய் வந்திருக்கு, எந்தப் பக்கம் மழை பிடிச்சிருக்கு, எந்த ஊர்ல எந்த நெல்லுக்குப் பூச்சி விழுந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். வர்ற வழியில மாட்டுக்குக் கோமாரி பாத்தோம்னு ஒரு கீதாரி சொன்ன சொல்லை நம்பி, மாட்டைக் கண்மாய்க்கு விடாம தொழுவத்துலயே கட்டிப் போட்டவங்க எங்க ஊர்ல உண்டு. எந்த ஆபீசும் அதுக்கு முன்னாடி எங்களுக்குச் சொல்லல.

ஆபீசர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரைத் திருப்பாலையில கால்நடைப் பல்கலைக்கழக மையம் இருக்கு. புலிக்குளம் மாட்டுக்கும் கிடை மக்களுக்கும் வருசக்கணக்கா வேலை செய்யுற சேவா அமைப்பும் மதுரையிலதான் இருக்கு. எந்த மாசம் எந்தக் கிடை எந்தப் பாதையில போகும்னு கீதாரிகளை உக்கார வச்சுக் கேட்டா ஒரே நாள்ல எழுதி வாங்கிரலாம். அந்தப் பாதையை வச்சு ஊசிக்குத் தேதி போடுங்க. சொந்த ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஊசி, வழியில எந்த மருந்தகத்துலயும் கேள்வி கேக்காம மறு ஊசி. சொந்த ஊர் எதுன்னு கேக்கிறதை முதல்ல விடுங்க. நோய்க்கு ஊர் கிடையாது. வெளியூர் ஆட்டுக்கு ஊசி போடாம விட்டா அந்த நோய் உள்ளூர் ஆட்டுக்கும் வரத்தான் செய்யும்.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டுன்னு ஐ.நா. சபை அறிவிச்சிருக்கு. கூட்டம் போடுவாங்க, பேனர் கட்டுவாங்க. நல்லதுதான். ஆனா அந்தக் கூட்டம் நடக்கிற சேதியே ஒரு கிடைக்கும் போய்ச் சேராதுன்னா என்ன பிரயோசனம்?

அறுப்பு முடிஞ்ச வயல்கள்ல கிடை இறங்குற காலம் வரும்போது உங்க ஊர்லயும் வலை கட்டுவாங்க. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு ஒரு நடை போய்ட்டு வாங்க. கீதாரி நம்பரை வாங்கி போன்ல போட்டுக்கங்க, உங்க நம்பரை அவருக்குக் கொடுங்க. தண்ணி, மருந்து, ஊசி, ரேசன், இந்த நாலையும் மட்டுமாவது சொல்லிட்டு வாங்க. திரும்பி வரும்போது அவர் சொல்ற சேதி நாலு உங்க கையில இருக்கும்.